கட்டணம் குறிக்கும் கை

இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில் புகைவண்டி நிலையத்தின் வாயிலில் வரிசையாக நிற்கும் டாக்சிகளுள் முதலாவதில் ஏறி அமர்கின்றோம் எனக் கொள்வோம். உள்ளே நம் கண்ணில் படும்படி ஒரு கட்டண அட்டவணை வைக்கப்பட்டிருக்கும். தொடக்கத் தூரத்திற்கு இவ்வளவு, அதற்கப்பால் ஒவ்வொரு கூறுக்கும் இவ்வளவு, காத்திருக்கும் நேரத்திற்கு இவ்வளவு, நள்ளிரவிலும் விழா நாள்களிலும் இவ்வளவு என்று அது விரித்துரைக்கும். இத்தொகைகளைக் குறித்தவர் வண்டியின் உரிமையாளரும் அல்லர், ஓட்டுநரும் அல்லர். அவ்வூர் நகரமன்றமே அவற்றைக் குறித்திருக்கும்.

அதே வீதியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர் தம் ரொட்டிக்குத் தாமே விலை வைக்கின்றார். முடி திருத்துபவரும் அவ்வாறே. தம் உழைப்பின் விலையைத் தாம் சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருக்க, டாக்சி ஓட்டுநருக்கு மட்டும் அதை ஒரு மன்றம் சொல்வது நீதியாகுமா? மேலோட்டமாகப் பார்த்தால் சிறு வினாதான். ஆயினும் வாங்குபவர், விற்பவர், ஆள்பவர் ஆகிய மூவரின் உரிமையும் ஒருங்கே வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது.

சட்டம் சொல்வதை முதலில் காண்போம். இலண்டன் மாநகரின் ஏற்பாடு தனி. அதனை இங்கே விட்டுவிடுவோம். இங்கிலாந்தின் பிற ஊர்களில் டாக்சித் தொழிலுக்கு அடிப்படையாக நிற்பது 1847ஆம் ஆண்டுச் சட்டம். குதிரை வண்டிக் காலத்துச் சட்டம் மோட்டார் வண்டியையும் ஆண்டுகொண்டிருக்கின்றது என்பது அந்நாட்டாரின் இயல்புக்கு ஒரு சான்று. அதனோடு சேர்ந்து நடைமுறையிலிருப்பது 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம். இதன் 65ஆம் பிரிவின்படி நகரமன்றம் தூரத்திற்கும் நேரத்திற்கும் கட்டணம் நிர்ணயிக்கலாம். ஆனால் மூடிய அறையில் முடிவெடுத்து மறுநாளே நடைமுறைப்படுத்த இயலாது. புதிய அட்டவணையை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிட வேண்டும். மன்ற அலுவலகத்தில் யாரும் வந்து பார்க்கும்படி ஒரு படியை வைக்க வேண்டும். மறுப்புரைக்க மக்களுக்குக் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். மறுப்பு எழுந்து, திரும்பப் பெறப்படாமல் நிற்குமாயின், அதனை ஆராய்ந்த பிறகே, திருத்தியோ திருத்தாமலோ, அடுத்த இரண்டு மாதங்களுக்குள் ஒரு நாளில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

அவ்வாறு குறிக்கப்படும் தொகை ஓர் உச்சவரம்பு. அதற்குமேல் வாங்குவது குற்றம். குறைத்து வாங்குவது ஓட்டுநரின் விருப்பம். பயணியை வேண்டுமென்றே சுற்றுவழியில் அழைத்துச் சென்று மீட்டரை ஓடவிடுவதும் தனியாக ஒரு குற்றமே. தக்க காரணமின்றி ஊரெல்லைக்குள்ளான சவாரியை மறுப்பதும் குற்றந்தான். இந்த இறுதி விதியை வாசகர்கள் நினைவில் கொள்க. மறுக்கும் உரிமை இல்லாத ஒருவருக்குத்தான் விலை சொல்லும் உரிமையும் இல்லாமல் போகின்றது.

இங்கே ஒரு வேற்றுமையைக் கருத வேண்டும். முன்கூட்டிப் பதிவு செய்து வரவழைக்கும் வாடகைக் கார்களுக்கும் அதே நகரமன்றம்தான் உரிமம் தருகின்றது. ஆனால் அவற்றின் கட்டணத்தைக் குறிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. காரணம் எளிது. தொலைபேசியிலோ கைப்பேசிச் செயலியிலோ கார் கேட்பவர் வீட்டில் அமர்ந்திருக்கின்றார். விலையைக் கேட்கின்றார், கட்டுபடியாகாவிட்டால் வேறு நிறுவனத்தைக் கேட்கின்றார். மழையிரவில், கையில் பெட்டியோடு, ஊர் தெரியாமல் நிலைய வாயிலில் நிற்கும் முதியவருக்கு அந்த வசதி ஏது? வரிசையில் முதலில் நிற்கும் வண்டிதான் அவர் வண்டி. பேரம் என்பது இருவருக்கும் விலகிச் செல்லும் உரிமை இருக்கும்போதுதான் பேரம்.

நம் மார்க்க அறிஞர்கள் இவ்வினாவைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டுள்ளனர். மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்ட, நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையை அமைப்பவன் இறைவனே என்றும், எவருடைய பொருளிலும் அநீதி செய்தவராகத் தாம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றும் கருத்துப்பட மொழிந்தார்கள். இதைக்கொண்டு ஆட்சியாளர் விலையில் கைவைப்பதே தகாது என்று கூறியோர் பலர். 1328இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் சந்தை மேற்பார்வை பற்றிய தம் நூலில் இதனை மேலும் ஆராய்ந்தார்கள். பொருள் அருகியோ மக்கள் பெருகியோ விலை இயல்பாக ஏறும்போது அதனை அதிகாரத்தால் அழுத்துவது விற்பவருக்கு இழைக்கும் அநீதி. ஆனால் குறிப்பிட்ட சிலரே விற்கலாம், மற்றவர் விற்றால் தண்டனை என்று ஏற்பாடு இருக்குமாயின், அங்கே நியாய விலையைக் குறிப்பது கடமையாகிவிடும் என்பது அவர்களின் முடிவு.

டாக்சியின் நிலை இதற்குப் பெரிதும் ஒத்திருக்கின்றது. உரிமம் இல்லாதவர் தெருவில் நின்று சவாரி ஏற்றலாகாது. 1985ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, ஊரின் தேவை குறிப்பிடத்தக்க அளவு நிறைவேறாமல் இல்லை எனக் கண்டால், உரிமங்களின் எண்ணிக்கையையே மன்றம் வரையறுக்கவும் செய்யலாம். கதவை அடைத்து உள்ளே சிலரை மட்டும் இருத்திய கை, அவர்கள் கேட்கும் விலைக்கும் பொறுப்பேற்றாக வேண்டும். அக்கதவை அடைத்ததற்குக் காரணம் பயணிகளின் பாதுகாப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. நோக்கம் நல்லதாயினும் விளைவுக்குப் பொறுப்பு உண்டு.

இப்பொறுப்பு ஒருபக்கச் சுமையன்று. எண்ணெய் விலையும் காப்பீட்டுத் தொகையும் ஏறிக்கொண்டிருக்க, அட்டவணை மட்டும் ஆண்டுக்கணக்கில் அசையாது கிடந்தால், அந்த நட்டத்தை ஓட்டுநர் தம் உறக்கத்தை விற்று ஈடுகட்டுகின்றார். பத்து மணிநேரம் ஓட்டியவர் பதினான்கு மணிநேரம் ஓட்டுகின்றார். உயர்த்தினாலோ பயணிகள் குறைவர் என அஞ்சி, உயர்வே வேண்டாம் என்று சொல்லும் ஓட்டுநரும் உண்டு. எண்ணெய்க்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், கட்டணத்தைக் குறிப்பவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை, குறிப்பவர் காலந்தாழ்த்துவதும் ஒருவகைக் கொடுமையே என்பது நம் எண்ணம்.

கட்டணத்தைக் குறிக்கும் அதே கை உரிமத்திற்கும் தொகை வாங்குகின்றது. வரி வேறு, கட்டணம் வேறு. வரி பொதுத் தேவைக்கு; எங்குச் செலவாகும் என்று கேட்க இயலாது. கட்டணமோ ஒரு குறிப்பிட்ட பணியின் செலவு. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநர் உரிமத்திற்கு அதனை வழங்கி நிர்வகிக்கும் செலவையும், வண்டி உரிமத்திற்குச் சோதனை, நிறுத்துமிடம், மேற்பார்வை ஆகியவற்றின் நியாயமான செலவையும் மட்டுமே வாங்கச் சொல்கின்றது. உள்ளாட்சியின் பற்றாக்குறையை ஓட்டுநர் சட்டைப்பையிலிருந்து நிரப்பிக்கொள்ள இடமில்லை. சந்தைக்கு வருவோரிடம் உரிமையின்றிப் பறிக்கப்பட்ட ‘மக்ஸ்’ என்னும் தண்டலை நம் முன்னோர் எத்துணை வெறுத்தனர் என்பதை அறிந்தவர்களுக்கு இவ்வெல்லைக்கோட்டின் அருமை புரியும்.

வேக்ஃபீல்டு நகரத்து ஓட்டுநர் சங்கத்தினர் தொடுத்த வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓட்டுநர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் செலவை அந்நகரமன்றம் வண்டி உரிமக் கட்டணத்தில் சேர்த்திருந்தது. அது தவறு, ஓட்டுநரைக் கண்காணிக்கும் செலவு ஓட்டுநர் உரிமக் கட்டணத்தைச் சேர்ந்தது என்று மேல்முறையீட்டு மன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஒரே பையிலிருந்து போகும் பணந்தானே, எந்தப் பெயரில் போனால் என்ன எனச் சிலர் கேட்கலாம். வண்டியை வைத்திருப்பவரும் ஓட்டுபவரும் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை. ஒருவரால் நேரும் செலவை மற்றொருவர் கணக்கில் எழுதலாகாது என்பது மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளையும் அறிந்த நெறி.

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு இன்னும் பெரியது. தொழில் என்னவென்று குடும்பத்தார் படிக்கும் ஏட்டில் எழுதுவதற்கில்லை. நியாயம் மட்டும் நமக்கு வேண்டும். விண்ணப்பத்தின்போது அவர்கள் கட்ட வேண்டியிருந்த தொகை 29,102 பவுண்டு. அதில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் செலவு 2,667 பவுண்டு மட்டுமே. எஞ்சியதெல்லாம் உரிமமின்றித் தொழில் செய்வோரைப் பிடிப்பது உள்ளிட்ட மேற்பார்வைக்கு. உரிமம் கிடைத்தவரிடம் அச்செலவை வாங்கலாம் என்று 2015இல் உச்சநீதிமன்றம் கூறியது. அதனை விண்ணப்பத்தின்போதே முன்கூட்டி வாங்கலாகாது, பின்னர்த் திருப்பித் தருவதாயினும் ஆகாது என்று 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. நேர்மையாக உரிமம் பெற்றவர், பெறாதவரைத் துரத்தும் செலவைச் சுமப்பது முதலில் நமக்கு உறுத்தலாகவே பட்டது. ஆனால் அத்துரத்தலின் பயன் அவருடைய வாணிபத்திற்கே வந்து சேர்கின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தால், உச்சநீதிமன்றத்தின் பக்கமே நாம் சாய்கின்றோம்.

இவற்றோடு ஒன்றை ஒப்பிடாமலிருக்க முடியவில்லை. மது விற்கும் இடங்களுக்கான உரிமக் கட்டணத்தை உள்ளூர் மன்றம் குறிப்பதில்லை. நடுவண் அரசே குறிக்கின்றது. 2005இல் கட்டடத்தின் மதிப்புக்கேற்ப 100 பவுண்டு முதல் 635 பவுண்டு வரை எனக் குறிக்கப்பட்ட அடிப்படை விண்ணப்பக் கட்டணம் பதினெட்டு ஆண்டுகள் கடந்த பின்னும் மாறாதிருந்தது. டாக்சி உரிமத்தின் செலவை ஓட்டுநர் கட்ட, மதுக்கடை மேற்பார்வையில் விழும் துண்டைக் குடிக்காதவரும் சேர்ந்தன்றோ ஈடுகட்ட வேண்டியிருக்கின்றது!

உரிமக் கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடுவதால் அண்மைக் காலத்தில் எழுந்துள்ள சிக்கல் ஒன்றுண்டு. முன்பதிவுக் காரின் ஓட்டுநர், வண்டி, நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் உரிமம் ஒரே மன்றத்தினுடையதாயிருந்தால், அக்கார் நாட்டின் எப்பகுதியிலும் ஓடலாம். எனவே குறைந்த கட்டணத்தில் விரைவாக உரிமம் தரும் ஊரைத் தேடி ஓட்டுநர்கள் செல்கின்றனர். வுல்வர்ஹாம்டன் மன்றம் தந்த உரிமத்தோடு தொலைதூர நகரங்களில் ஓடும் கார்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல நம் நா எழவில்லை. மலிவாகக் கிடைப்பதை வாங்குவது குற்றமாகாது. ஆனால் அவர்கள் ஓட்டும் ஊரின் மன்றத்திற்கு அவர்களிடமிருந்து ஒரு பென்னியும் வருவதில்லை. அவ்வூர் உரிம அதிகாரிக்கு அந்த உரிமத்தின்மீது அதிகாரமும் இல்லை. உள்ளூரிலேயே உரிமம் எடுத்து, கூடுதல் தொகை கட்டி, அவ்வூர் மன்றம் குறித்த கட்டணத்திற்குமேல் ஒரு பென்னியும் வாங்காமல் நிலைய வாயிலில் வரிசையில் காத்து நிற்கும் ஓட்டுநரின் கண்ணெதிரே, அந்தக் கார்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகின்றன.