அச்சம் எங்கே இருக்கிறது?

மனிதன் பேய்க்கு அஞ்சுகிறானா, இருட்டுக்கு அஞ்சுகிறானா? இரண்டுக்கும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மனம் ஓடு என்கிறது, கால் எழவில்லை. அந்தக் கணத்துக்குத்தான் அவன் அஞ்சுகிறான். கனவில் ஓட முயன்று வியர்த்து விழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாகலூர்ப் பக்கத்தில் ஆலை வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞர்கள் சிலர், விளக்கை அணைத்துவிட்டுத் திகில் விளையாட்டில் மூழ்குகிறார்கள். காசு கொடுத்து யாராவது பயத்தை வாங்குவார்களா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பயம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

1996-ல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டை வெளியிட்டது. காட்டு நடுவே ஒரு மாளிகை. அதில் நடமாடும் பிணங்கள். இவை நம் பாட்டிமார் கதைகளிலும் உண்டு. திகில் வேறிடத்தில் இருந்தது. நாம் ஆட்டுவிக்கும் ஆள் கோயில் தேர் போலத்தான் திரும்புவான்; நின்ற இடத்தில் மெல்லத் திரும்பி, பிறகே முன்னே நடப்பான். சுட வேண்டுமானால் நடையை நிறுத்த வேண்டும். குண்டுகளோ சொற்பம். காமிராவும் நம் வசமில்லை. அது கூடத்து மூலையில் அசையாமல் நிற்கும். வளைவுக்கு அப்பால் காலடி கேட்கும். வருவது யார் என்று தெரியாது.

1999-ல் கொனாமி நிறுவனத்தின் ‘சைலன்ட் ஹில்’ வந்தது. தொலைவுக் காட்சிகளை வரைய அன்றைய பிளேஸ்டேஷன் கருவிக்குச் சக்தி போதாது. அந்தக் குறையை மூடுபனியால் மறைத்தார்கள். பனியே அந்த ஊரின் உயிராகிவிட்டது. கதாநாயகன் போர்வீரனல்ல, மகளைத் தேடி அலையும் எழுத்தாளன். குறி தவறுகிறது, ஓடினால் மூச்சு வாங்குகிறது. எழுத்தாளனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

2012-ல் வந்த ஆறாவது ‘ரெசிடென்ட் ஈவி’லில் நடந்துகொண்டே சுடலாம். கைக்கு விடுதலை கிடைத்தது. பயம் போய்விட்டதென்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டார்கள்.

ஆகவே, அச்சத்தை ஆக்குபவை இரண்டு: நிற்கும் இடம், கட்டுண்ட கைகால். ஓசூர் வட்டாரத்து உழவருக்கு இது புதிய பாடமல்ல. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கி வருகின்றன. காவல் இருப்பவரைச் சுற்றிலும் பனி. டார்ச் விளக்கின் ஒளி சில அடி தூரம். வரப்பில் கால் வழுக்குகிறது. விளையாட்டில் உள்ள அதே இடம், அதே கட்டு. ஆனால், தோற்றால் மறுபடி தொடங்கும் பொத்தான் மட்டும் இவருக்குக் கிடையாது.

பயத்தை விலைக்கு வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்; துயரத்தைக் கதையாக்கி விற்பவன்தானே நானும்! வாங்கியவர் அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். எந்த வீரனையும் ஓர் இடுக்கில் நிறுத்தி, அவன் திரும்பும் வேகத்தைக் குறைத்துவிட்டால் அவன் நடுங்குவான். அப்படியானால் நடுக்கம் நெஞ்சின் குற்றமாகுமா?

அஞ்சுகிறவரை நாம் எளிதில் கோழை என்றுவிடுகிறோம். இரவு ஷிப்ட் முடிந்து, விளக்கில்லாத சாலையில் பேருந்தை விட்டு இறங்கி நடக்கும் பெண்ணிடம், “தைரியமாக இரு, அம்மா” என்கிறோம். அவளுக்குத் தைரியம் உண்டு. இல்லாவிட்டால் நேற்று நடந்த அதே வழியில் இன்றும் நடப்பாளா? அவளுக்கு வேண்டியது நம் உபதேசம் அல்ல, சாலையில் ஒரு விளக்கு.