கூட வந்தவர் விழுந்தால்

கயிலாயத்தைச் சுற்றும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர். இந்துக்களும் பௌத்தர்களும் வலமாகச் சுற்றுகிறார்கள். திபெத்தின் பழைய பொன் சமயத்தார் இடமாக. யாத்திரைக் குழுக்கள் வழக்கமாக மூன்று நாளில் முடிக்கும் இந்தப் பரிக்கிரமாவில் இரண்டாம் நாள்தான் சோதனை. அன்று கடக்க வேண்டிய டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் அங்கே கிடைக்கும்.

அதற்கு முந்தைய இரவு, திராபுக் முகாமில் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம். இப்படி முற்றிய மலைநோய்க்கு முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவது. அவருடன் யார் இறங்குவது?

பெரும்பாலும் கூலிக்கு வந்த திபெத்தியர் ஒருவரோடு அவரை அனுப்பிவிட்டு, விடிவதற்குள் குழு புறப்பட்டுவிடும். அவரவர் பொறுப்பில் வருவதாக எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இருபது பேரும் திரும்பினால் அவருக்கு என்ன லாபம் என்று நியாயம் சொல்வார்கள். இரண்டாவது நியாயம் சரிதான். ஆனால் இருபது பேரும் இறங்க வேண்டியதில்லை என்பதால், ஒருவர்கூட இறங்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. மலைநோய் மூளையைத் தாக்கினால் புத்தி தடுமாறும். தமிழ் தெரியாத கூலியாளுக்கு நோயாளியின் உளறலும் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். அவர் இயல்பாக எப்படிப் பேசுவார் என்று அறிந்தவர்தான் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

சிலர் தருமரைத் துணைக்கு அழைப்பார்கள். இறுதிப் பயணத்தில் பாஞ்சாலியும் தம்பிமார் நால்வரும் ஒவ்வொருவராக விழ, அவர் திரும்பாமல் நடந்தாரே என்பார்கள். ஆனால் பாண்டவர்கள் நாட்டைப் பரீட்சித்திடம் கொடுத்துவிட்டு, திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் கிளம்பியவர்கள். நம் யாத்திரிகர் கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது. அதே தருமர்தான், கூட வந்த நாயை விட்டுவிட்டு வரும் சொர்க்கமே வேண்டாம் என்றார். கதையின் அந்தப் பாதியை மறந்துவிடுகிறோம்.

பௌத்த வினய நூலில் இதைவிடக் கூர்மையான நிகழ்ச்சி உண்டு. வயிற்றுப்போக்கால் கவனிப்பாரின்றிக் கிடந்த பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் கழுவிப் படுக்க வைக்கிறார்கள். மற்றவர்கள் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், தன்னால் அவர்களுக்கு உபயோகம் எதுவும் இல்லை என்கிறார் நோயாளி. துறவிகளின் கூட்டத்திலேயே இந்தக் கணக்கு நடந்திருக்கிறது.

நோயாளி மீதும் தவறு உண்டு. தலைவலியை மறைத்து, மாத்திரையை விழுங்கிக்கொண்டு ஏறுபவர் மற்றவர்களையும் ஆபத்தில் இழுத்து விடுகிறார். ஆனால் ஏன் மறைக்கிறார்? திரும்பி வந்தவரைப் பார்த்து 'கொடுத்து வைக்கவில்லை' என்று ஊர் சொல்லும் என்ற பயத்தில்தான். அதைவிடக் கொடியது, அங்கே உயிர் போனால் நேரே கயிலாயம்தான் என்ற ஆறுதல். மற்றவருடைய சாவுக்கு இப்படிப் புண்ணியம் எழுத யாருக்கும் உரிமை இல்லை.

உடல் தேய ஊர்ந்தும் கயிலை சேராமல் திருப்பி அனுப்பப்பட்டவர் அப்பர். அவருக்குத் திருவையாற்றில் கயிலைக் காட்சி கிடைத்ததாகச் சொல்லும் மரபு, அதை ஆடி அமாவாசையில் விழாவாகக் கொண்டாடுகிறது. அவரை யாரும் கொடுத்து வைக்காதவர் என்பதில்லை.

நோயாளியுடன் யார் இறங்குவது என்பதை முடிவுசெய்ய வேண்டிய இடம் திராபுக் அல்ல. நள்ளிரவில், குளிரில், கணவாய் கண்ணெதிரே இருக்கும்போது யாருக்கும் நியாயம் தெளிவாகத் தெரியாது. கம்பளி, ஷூ பற்றிப் பேசும் முதல் கூட்டத்திலேயே, யாருக்கு முடியாமல் போனால் யார் இறங்குவது என்று பெயர் எழுத வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் இல்லாத குழுவுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.