கரையோரச் செடி

சீடன்: ஐயா, பிரெஞ்சு ஓவியர் ஒதிலோன் ரெதோனின் கண்-பலூன் படத்தைக் கறுப்பு வெள்ளை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்து முடித்தேன். கட்டம் போட்டு அளந்ததால் உருவம் எங்கும் பிசகவில்லை. ஆனால் மூலத்தைப் பார்த்தால் வரும் நடுக்கம் இதில் வரவில்லை.

குரு: முதலில் எதை வரைந்தாய்?

சீடன்: கண்ணை. வானத்தைப் பார்த்தபடி பலூனாக மிதந்து, துண்டித்த தலையைத் தட்டில் தூக்கிச் செல்கிறது. வேறெதில் மனம் போகும்?

குரு: கீழே கரையோரம் ஒரு செடி இருக்கிறதே?

சீடன்: அதைக் கடைசியில் நாலு தீற்றலில் முடித்துவிட்டேன்.

குரு: குறை அங்கேதான். செடி மெய்யாக நின்றால்தான் மேலே மிதக்கும் கண்ணையும் மனம் நம்பும். நம்பாததற்கு யார் நடுங்குவார்? ரெதோனுக்குப் போர்தோவில் வாய்த்த நண்பர் அர்மான் க்ளாவோ, ஒரு தாவரவியலாளர். ஒரு கூழாங்கல்லையோ புல்லையோ உள்ளது உள்ளபடி வரைந்த பிறகே தமக்குள் கற்பனை பொங்குகிறது என்று ரெதோனே எழுதியிருக்கிறார்.

சீடன்: இருந்தாலும், நிறம் கற்க வந்தவனுக்கு ஏன் வெறும் கறுப்பு?

குரு: ஏறக்குறைய ஐம்பது வயது வரை அவர் பெயர் பெற்றது கரியாலும் கல்லச்சாலும்தான். பாஸ்டலில் நிறம் பொங்கியது அதற்குப் பிறகு. ஒளியில் பிழை செய்துவிட்டு அழகான சிவப்பால் அதை மூடிவிடலாம். கறுப்பு அப்படி மூடித் தராது. சரி, வெண்விழிக்கு என்ன பூசினாய்?

சீடன்: சுத்த வெள்ளை.

குரு: மூலப் படம் 1882ஆம் ஆண்டுக் கல்லச்சு. அதில் வெள்ளை மை கிடையாது. கறுப்பு தொடாமல் விட்ட காகிதமே அங்கே ஒளி. நீ ஒளியை மேலே கொண்டுவந்து அப்பினாய். அவர் இருளை ஓர் எல்லையில் நிறுத்தினார். கித்தான் முழுதும் சாம்பல் பூசு. ஈரம் காயுமுன் பழந்துணியால் துடைத்து ஒளியை வெளியே எடு. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எந்த இடம் எதைவிட இருள் என்று மட்டும் கேட்டுக்கொள்.

சீடன்: இவ்வளவும் செய்தாலும் அது நகல்தானே ஐயா? என்னுடையது ஆகாதே.

குரு: ஓவியர் தெலக்ருவாவின் ‘சிங்க வேட்டை’ போர்தோ அருங்காட்சியகத்தில் இருந்தது. இளம் ரெதோன் அதை நகலெடுத்தார். 1870இல் நேர்ந்த தீயில் மூல ஓவியத்தின் மேற்பகுதி எரிந்துபோயிற்று. முழுப் படமும் எப்படி அமைந்திருந்தது என்பதை இன்று காட்டுவது அந்த நகல். மேலே இருப்பது வெறும் மூலைதானே என்று அவரும் நாலு தீற்றலில் முடித்திருந்தால்?

சீடன்: ...

குரு: இது என்னுடையதா என்ற கேள்வி காத்திருக்கட்டும். எதையும் விடாமல் பார்த்தேனா என்று கேள். அப்படிப் பார்க்கப் பழகிய கண் உன்னுடையதாகவே இருக்கும். அதைக் கொண்டுதான் நாளை உன் கனவை வரையப்போகிறாய்.

சீடன்: மறுபடி தொடங்குகிறேன் ஐயா. இந்தமுறை செடியிலிருந்து.

குரு: அதில் எத்தனை இலை?

சீடன்: எண்ணவில்லை.

குரு: எண்ணிவிட்டுத் தூரிகையைத் தொடு.