பழநியில ஆண்டி, அம்மா மண்டபத்துல யாரு?

வேலும் மயிலும் துணை.

இந்த வாரம் கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம் எழுதறேன். முழுசா படிச்சிட்டு பார்வர்டு பண்ணுங்க.

நம்ம வீட்டுப் பெரியவங்க ஒண்ணு சொல்லிக் கேட்டிருப்பீங்க. "ஆண்டிக் கோலத்துல இருக்குற பழநி முருகன் படத்தை வீட்டுல மாட்டாத, இருக்கிறதெல்லாம் போயிடும். ராஜ அலங்காரப் படமா பார்த்து வாங்கு." பழநி மலையிலயே சாயரட்சை ராஜ அலங்காரத்துக்குக் காத்திருக்கிற கூட்டத்தைப் பாருங்க. ஆண்டியா பார்த்தா நாமளும் ஆண்டியாயிடுவோமோன்னு ஒரு பயம். எங்க வீட்டுலயும் ராஜ அலங்காரம்தான் மாட்டியிருக்கு, அதனால நான் யாரையும் குறை சொல்லலை. ஆனா அப்பன் மலைக்கே ஏறிப் போயிட்டு, அவன் வீட்டை விட்டு வந்து நின்ன கோலத்தை மட்டும் பார்க்கத் தயங்குறோமே, இது என்ன பக்தி?

கதை நமக்குத் தெரியும். ஒரு பழம், ஒரு கோபம். கயிலாயத்துல வீடு இருந்தும், அம்மா அப்பா இருந்தும், ஒரு கோவணம் ஒரு தண்டோட வந்து நின்னவன். இன்னிக்கு நம்ம தெருமுனையில அப்படி ஒரு பையன் நின்னா என்ன சொல்லுவோம்? "வீட்டுல என்ன பண்ணிட்டு வந்தானோ." "கஞ்சா கேஸா இருக்கும்." சொல்லுவோமா, மாட்டோமா?

இதை எழுதக் காரணம், போன வருஷம் நாங்க பண்ண ஒரு தப்பு.

நாங்க பன்னெண்டு பேர். பாதிப் பேர் ஐடி, மீதி இன்ஜினியரிங் காலேஜ் பசங்க. கிருத்திகைக்குக் குமார வயலூர் போய், பொய்யா கணபதியையும் முருகனையும் கும்பிட்டுட்டு, அப்படியே ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில அறுபது சாம்பார் சாதப் பொட்டலம் கொடுப்போம். கொடுக்கும்போது போட்டோ எடுப்போம். "முருகன் அருளால்"னு ஸ்டேட்டஸ் வைப்போம். அதுல தொண்ணூறு பேர் ஹார்ட் போட்டா மனசுக்கு நல்லா இருக்கும், மறைக்க விரும்பலை.

ஒரு மாசம் போனப்ப, மேல்படி ஓரமா எப்பவும் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவரைக் காணோம். பக்கத்துல பூ விக்கிற அம்மாகிட்ட கேட்டோம். "நீங்க எடுத்த போட்டோ சுத்திச் சுத்தி அவரு சொந்தக்காரங்க போனுக்கே போயிடுச்சாம் தம்பி. எங்க மானத்தை வாங்கவா இங்க வந்து உட்கார்ந்திருக்கன்னு சத்தம் போட்டுட்டுப் போனாங்க. அன்னிக்கு ராத்திரியே மூட்டையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

தேடலாம்னு போனோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன், மலைக்கோட்டை வாசல்னு விசாரிச்சோம். எல்லா இடத்துலயும் முதல் கேள்வி, "அவர் பேரு என்ன?" பன்னெண்டு பேர்ல ஒருத்தனுக்கும் தெரியலை. பொட்டலத்தை மட்டும் மாசாமாசம் சரியா எண்ணியிருக்கோம்.

அப்புறம்தான் யோசிச்சேன், அவருக்கு எங்க சாதம் தேவையா இருந்துச்சா? 2012 செப்டம்பர்ல இருந்து ஸ்ரீரங்கம் கோயில்ல நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. பழநியிலயும் அதே சமயம்தான் ஆரம்பிச்சாங்க. பசியை மாமன் ரங்கநாதர் ஓரளவு பார்த்துக்கிறாரு. மருமகனோட பக்தர்கள் நாம வேற ஏதாவது பார்க்கலாமில்லையா?

அதுக்கப்புறம் பொட்டலம் இல்லாம, வெறுங்கையோட போய் உட்கார்ந்தோம். முதல் நாள் யாரும் பேசலை. மூணாவது தடவை ஒரு ஐயா தானா ஆரம்பிச்சாரு. கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறுறவராம். முகூர்த்தம் இருந்தா வேலை. ஆடியும் மார்கழியும் வந்தா கையில காசு இல்லை, வாடகை கொடுக்க முடியாம படிக்கு வந்தவர். இன்னொருத்தர் விடியக்காலை காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர். நாங்க ரெண்டு பேரையும் "பிச்சைக்காரங்க" கணக்குலதான் வெச்சிருந்தோம்.

இவங்க சிக்கல் ஒண்ணு, கோடு எழுதறவனுக்கு உடனே புரியும். அட்டைக்கு முகவரி வேணும், முகவரிக்கு வீடு வேணும், வாடகைக்கு வீடு கேட்டா ஹவுஸ் ஓனர் அட்டை கேட்பாரு. எங்க பாஷையில சர்குலர் டிபென்டென்சி. ஆனா சட்டம் நாம நினைக்கிற அளவுக்குக் கண்ணை மூடிக்கலை. வீடில்லாதவர் ஓட்டுக்கு விண்ணப்பிச்சா முகவரிச் சான்று கேட்க மாட்டாங்க. வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில வந்து, அவர் சொன்ன இடத்துலதான் தூங்குறாரான்னு ஒரு தடவைக்கு மேல பார்த்துச் சேர்க்கணும்னு தேர்தல் ஆணையத்தோட விதி. படித்துறைப் படி கூட ஒரு முகவரிதான்! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இவங்களை எண்ணினதும் பிப்ரவரி 28 ராத்திரியிலதான். நாடு முழுக்க ஏறக்குறைய 17.7 லட்சம் பேர். 2010ல உச்ச நீதிமன்றம், நகரங்கள்ல லட்சம் பேருக்கு ஒரு தங்கும் விடுதி, 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு சொல்லியிருக்கு. 2011 கணக்குல திருச்சி மாநகராட்சி மக்கள்தொகை 8.47 லட்சம், வகுத்துப் பார்த்தா எட்டு விடுதி வரணும். நம்ம ஊர்ல எத்தனை ஓடுது, எத்தனை படுக்கைன்னு நேர்ல போய் எண்ணுறதுதான் புதுத் திட்டத்துல முதல் வேலை. நாம பார்க்காத விடுதிக்கு இன்னொருத்தரைப் போகச் சொல்லக் கூடாது.

திட்டத்தைச் சொன்னதும் குழுவுல ஒரு தம்பி சண்டைக்கே வந்துட்டான். "அன்னதானத்தை நிறுத்துறது பாவம்ணா. பேசினா வயிறு நிறையுமா?" நியாயமான கேள்வி. அவனுக்கு வள்ளி கதையைத்தான் சொன்னேன். தினைப்புனத்துக்கு முருகன் கிழவரா வந்து பசிக்குதுன்னாரு. வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தா. விக்குது, தண்ணி வேணும்னாரு. மாவு கொடுத்தாச்சு, கடமை முடிஞ்சதுன்னு அவ உட்கார்ந்துடலை, சுனை வரைக்கும் கூட நடந்து போனா. வந்திருக்கிறது யாருன்னு அப்ப அவளுக்குத் தெரியாது. தம்பி முழுசா சமாதானம் ஆகலை. பொட்டலம் பாதியா தொடரட்டும், போட்டோ கிடையாதுன்னு முடிவாச்சு.

அடுத்த கிருத்திகையில இருந்து ரெண்டு ரெண்டு பேரா போறோம். போன் பைக்குள்ள. படியில அவங்களுக்குச் சமமா உட்காரணும், நின்னுக்கிட்டு குனிஞ்சு பேசக் கூடாது. உங்க பேரை முதல்ல சொல்லுங்க. "ஏன் வீட்டை விட்டு வந்தீங்க"ன்னு கேட்கவே கேட்காதீங்க, சொன்னா கேட்டுக்கலாம். ஆதார், முதியோர் உதவித்தொகை வேணும்னு அவங்களா சொன்னா இ-சேவை மையத்துக்குக் கூடப் போகணும், அதுக்கு ஒரு நாள் லீவு போடத் தயாரா வாங்க. மனநலம் சரியில்லாம அலையறவரைப் பார்த்தா இழுத்துட்டுப் போகாதீங்க. அவங்களைப் பாதுகாப்பா கூட்டிட்டுப் போறது போலீசோட கடமைன்னு 2017 மனநலச் சட்டமே சொல்லுது, தகவல் கொடுங்க. உடம்பு முடியலைன்னா 108. முதியோர் உதவிக்கு 14567.

இதுல பாதி வேலை படித்துறையில இல்லை, நம்ம அபார்ட்மென்ட் குரூப்லதான். "படிக்கட்டுல ஒருத்தன் படுத்திருக்கான், வாட்ச்மேன் விரட்டுங்க"ன்னு மெசேஜ் வரும்போது, "அவர் யாருன்னு நான் போய்க் கேட்டுட்டு வரேன்"னு ஒரு ஆள் பதில் போடணும். என் வீட்டு குரூப்ல நான் போட்டேன். ரெண்டு நாள் யாரும் என்கிட்ட பேசலை.

பழைய போட்டோவை எல்லாரும் அழிச்சாச்சு. என் போன்ல மட்டும் அந்தப் பெரியவரோடது ஒண்ணு இருக்கு, தேடறதுக்காக. யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

கிருத்திகை அன்னிக்குச் சாயந்திரம் அஞ்சு மணி, அம்மா மண்டபம் வாசல். வர்றவங்க குழுவுல பேர் கொடுங்க.

முருகா சரணம்.