மைப்பொட்டு

தங்கைக்கு ஒரே அச்சில் இரண்டு பெண் குழந்தைகள். பார்க்க வருகிறவர்கள் திணறாதிருக்க மூத்தவளுக்கு இடது கன்னத்திலும் இளையவளுக்கு வலது கன்னத்திலும் மைப்பொட்டு. குளிப்பாட்டியதும் பொட்டு போய்விடும். பிறருக்கு மீண்டும் குழப்பம், தங்கைக்கு இல்லை.

உறவினர்கள் அழியாத உபாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: மூத்தவள் சமர்த்து, இளையவள் அழுமூஞ்சி. அதன்பின் சமர்த்து அழுதால் பசி. அழுமூஞ்சி அழுதால் சுபாவம். தங்கை ஜுரத்தில் படுத்திருந்த ஒரு நாள் இளையவள் மதியம்வரை அழுதாள். காதில் சீழ் வடிந்த பிறகே எங்களுக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பெயரை நானும் சொல்லியிருக்கிறேன்.

வங்கியில் செக்கின் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் வேலை. ஒத்திருந்தால் பணம், ஆளை அறிய வேண்டியதில்லை. இந்தப் பழக்கத்தைத் தொட்டிலருகேயும் கொண்டுவந்துவிட்டேன் போலும்.

ஹெரன்ஹௌஸன் தோட்டத்தில் முற்றிலும் ஒத்த இரு இலைகளைத் தேடித் தோற்ற ஒருவரைப் பற்றி லைப்னிஸ் 1716இல் கிளார்க்குக்கு எழுதினார். ஒரு கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கும் விரல்ரேகைகள் வேறு. வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. நாம் தருவது பிறர் சௌகரியத்துக்கான குறி மட்டுமே. குறியைக் குணமாக்கும்போது உதவி தீர்ப்பாகிவிடுகிறது.

மைப்பொட்டே நேர்மையானது. அது அழிகிறது. மறுபடி வைக்குமுன் தினமும் ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும்.