மணிக்கட்டும் தலைமுடியும்

பிளஸ் டூ பரீட்சை மார்ச் கடைசியில் முடிகிறது. முடிந்த மறுநாளே பையன்கள் சலூனுக்குப் போகிறார்கள். காதுக்கு மேலே மிஷின் ஓட்டி, ஒரு கோடு இழுத்து, உச்சியில் செம்பட்டைச் சாயம் ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவில் தெருக்களில் நடக்கும் பதினேழு வயதுப் பையனை அந்த நாட்களில் பார்க்கலாம். சாயங்காலம் வீட்டில் சண்டை. "இதென்னடே கோலம்? நாலு பேரு முன்னால நடமாட வேண்டாமா?" என்பார் அப்பா. அதே பையனின் மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் ஒரு கயிறு இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இருக்கிறது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கண்டிக்க வேண்டியது முடியையா, கயிற்றையா? பல வீடுகள் இந்தக் கேள்விக்குத் தலைகீழாக விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன.

முடியைப் பற்றிப் பெற்றோர் பேசுவதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. இது விசைத்தறி ஊர். நெய்த சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில், சாயத்துக்கும் செருப்புக்கும் கைப்பேசிக்கும் போகிற பணம் ஒருவர் தறி முன்னால் நின்றே கழித்த பொழுது. அந்தக் கணக்கு பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லீவில் அவனே தார் சுற்றிச் சம்பாதித்த காசு என்றால் அந்த வழக்கு அதோடு முடிந்தது. மிச்சம் இருப்பது 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்கிற பயம்தான். அந்த நாலு பேர் இதற்கு முன்பு என்னவெல்லாம் சொல்லியிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது நல்லது.

1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே போனால் ராஜபாளையம் வருவதற்குள் அந்தப் பழைய மாவட்டம் தொடங்கிவிடும். தூரத்துக் கதை இல்லை இது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் அந்தத் தடைகளை வரிசையாகப் பதிந்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறக்கக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. அந்த எட்டில் இன்னொன்று, தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆடு மாடுகளைக் கொள்ளையடித்தார்கள். இன்று எல்லா அப்பாக்களும் ஒழுக்கமான வெட்டு என்று சொல்கிற அதே கிராப்பு, ஒரு காலத்தில் ஒருவனுடைய வீடு எரியக் காரணமாக இருந்தது.

அது போன நூற்றாண்டோடு போய்விடவும் இல்லை. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டதை ஒட்டிய நாட்களில், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் குற்றம் சாட்டினார். ஒரு கண்ணாடியும் ஒரு கால்சட்டையும் குற்றத்தின் அடையாளமாயின. ஏழைப் பையன்களின் தலைமுடியைப் பார்த்து 'புள்ளிங்கோ' என்று ஊரே சிரித்ததில் இருந்த ஏளனத்துக்கும் இதே வேர்தான். அதே வெட்டை நடிகர் வெட்டினால் ஸ்டைல், கூலிக்காரர் மகன் வெட்டினால் பொறுக்கித்தனம். இந்த அளவுகோலை அறம் என்று ஏற்க முடியாது.

பெண் பிள்ளைகளுக்கோ இந்தச் சண்டையே வாய்ப்பதில்லை. பரீட்சை முடிந்ததும் துப்பட்டாவின் நீளமும் கைப்பேசியின் பூட்டும் வீட்டாரால் முடிவாகின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்தப் பணத்தில் தனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு சுடிதார் எடுக்க அவளுக்கு உரிமை உண்டா என்று கேட்டால், பல வீடுகளில் பதில் வராது. உண்டு என்பதே பதில்.

இனி கயிறு. காமராசர் காலத்துச் சீருடை, ஏழை பணக்காரன் தெரியாமல் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரட்டும் என்று வந்தது. சட்டை ஒன்றானதும், சாதி தெரிய வேண்டும் என்று நினைத்தவர்கள் அடையாளத்தை மணிக்கட்டுக்கு மாற்றினார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் மாணவர்கள் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொல்லி 2019 ஜூலையில் பள்ளிக் கல்வி இயக்ககம் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். நான்கு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையைத் தந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது குழு.

இதற்கு வந்த மறுப்புகளில் இரண்டை நின்று கேட்க வேண்டும். கோமதி அம்மன் சந்நிதியில் வேண்டிக் கட்டிய கயிறும் சாதிக் கயிறும் ஒன்றா என்பது முதலாவது. ஒன்றல்ல. ஆனால் கட்டியவனுக்கு வித்தியாசம் தெரியும். கயிற்றின் நிறம் பக்கத்துத் தெருவுக்கு எதையோ சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், அது எந்தச் சந்நிதியில் கட்டியதாக இருந்தாலும் வேண்டுதல் ஆகாது. இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: காலங்காலமாகக் குனிந்து நின்றவர்களின் பிள்ளை, நானும் இருக்கிறேன் என்று ஒரு நிறத்தைக் கட்டுவதும் ஆள்கிறவனின் கயிறும் சமமா? சமம் என்று சொல்வது வரலாற்றை மறப்பது. ஆனாலும் வகுப்பறையில் ஒரு கயிறு இன்னொரு கயிற்றை இழுத்து வருகிறது. சண்டையில் முதலில் விழுவது பெரும்பாலும் பலவீனமான பக்கத்துப் பிள்ளைதான். அவனைக் கழற்றச் சொல்லும் உரிமை, எதிரே இருப்பவனைக் கழற்ற வைத்தவர்களுக்கு மட்டுமே உண்டு.

முடிக்கும் கயிற்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். சாயம் பூசிய தலை தன்னைப் பார்க்கச் சொல்கிறது. பார்க்கப் பிடிக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கயிறு எதிரே நிற்பவனின் இடத்தை நிர்ணயிக்கிறது. எட்டி நில் என்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க வெளியிலிருந்து உதாரணம் தேட வேண்டியதில்லை. சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இருவர் சண்டையிட்டதாகவும், அந்த இரு தெய்வங்களையும் ஓருருவில் காட்ட வேண்டி கோமதி அம்மன் தவம் இருந்ததாகவும் தலபுராணம் சொல்கிறது. ஒரு பாதியில் சடை, மறு பாதியில் மகுடம். இரண்டு அலங்காரமும் ஒரே உடம்பில். ஆடித் தபசு அன்று அந்தக் காட்சிக்காகத்தான் இவ்வளவு கூட்டம் கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் மகனைத் தோளில் தூக்கிக் காட்டிய அப்பா, அவனுக்குப் பதினான்கு வயதில் கயிறு வந்தபோது அது யார் கொடுத்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்போதும் கேட்கலாம். பள்ளி வாசலோடு தலைமையாசிரியரின் அதிகாரம் முடிந்துவிட்டது. சுற்றறிக்கையும் அறிக்கையும் இனி அவனைத் தொடாது. கல்லூரி திறக்க இன்னும் சில மாதம் இருக்கிறது. சாயம் அதற்குள் பாதி வளர்ந்து போய்விடும். பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ ஒரு விடுதி அறையில், ஊர் பேர் தெரியாத ஒரு பையன் பக்கத்துக் கட்டிலில் பெட்டியை வைத்துவிட்டுக் கை கொடுக்க வருவான். பதிலுக்கு நீட்டிய கையில் கயிறு இருந்தால், அவன் பெயரைச் சொல்வதற்கு முன் அதைத்தான் பார்ப்பான்.