பரமதத்தன் கேட்ட கேள்வி

ஒரு பொருளைப் புதியது என்று எப்போது சொல்லலாம் என்பது தத்துவ நூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா. கைப்பேசி மென்பொருளை முன்னிட்டு அவ்வினா தமிழகத்தில் 2023 ஜனவரியில் மீண்டும் எழுந்தது. சென்னை ஐஐடியின் பிரவர்தக் தொழில்நுட்ப அறக்கட்டளையின் ஆதரவில் வளர்ந்த ஜேண்ட்காப்ஸ் நிறுவனம், 'பாரோஸ்' என்னும் இயங்குதளத்தை, அதாவது கைப்பேசியின் வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் ஆளும் அடிப்படை மென்பொருளை, அம்மாதம் அறிமுகப்படுத்தியது; 24ஆம் நாள் ஒன்றிய அமைச்சர்கள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதைச் சோதித்துப் பார்த்தனர். உள்நாட்டுத் தயாரிப்பு என்று அது கொண்டாடப்பட்ட வேளையில், லினக்ஸ் ஆர்வலர்கள் பலர் வேறொன்றைக் கேட்டனர்: கூகுள் பொதுவில் வெளியிட்டுள்ள ஆண்ட்ராய்டு நிரலின்மேல் எழுப்பப்பட்ட ஒன்றில் புதியது எது, நம்முடையது எது?

இக்கேள்விக்குள் ஒரு காரண காரியக் கோட்பாடு அடங்கியிருக்கிறது. காரியம் தோன்றுவதற்கு முன் இல்லாதது, தோன்றும்போதுதான் புதிதாக உளதாகிறது என்பது நையாயிகரும் வைசேடிகரும் கொண்ட அசற்காரியவாதம். அதை மறுத்து, இல்லாத ஒன்று ஒருபோதும் தோன்றுவதில்லை, காரணத்தில் நுண்ணிலையில் அடங்கிக் கிடந்ததே காரியமாக வெளிப்படுகிறது என்பது சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொண்ட சற்காரியவாதம். சித்தாந்தம் அதோடு நின்றுவிடாமல் காரணத்தை மூன்றாகப் பகுத்தும் காட்டும்: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம், உலகத்துக்கு மாயையும் சத்தியும் இறைவனும் முறையே அம்மூன்றாவர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு நூற்பாக்களில் சுருக்கிச் சொன்ன இக்கருத்தைக் காவிரிப் படுகையின் திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் மாபாடியத்தில் விரித்துரைத்தார்.

இப்பகுப்பை ஏற்றால் ஆர்வலர்களின் வழக்கு வேறு வடிவம் கொள்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், அதாவது நினைவகம், மின்கலம், திரை ஆகியவற்றை நேரடியாகக் கையாளும் கருநிரல், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எல்லாவற்றுக்கும் முதற்காரணமாக நிற்கிறது. அதன்மேல் கூகுள் அடுக்கியவையும் அவ்வாறே. அவற்றைக் கடன் கொள்ளாமல் ஒரு சிறு நிறுவனம் இயங்குதளம் செய்யவேண்டும் என்று கேட்பது, குயவனிடம் மண்ணையும் நீயே படை என்று கேட்பதற்கு ஒப்பாகும். எந்தச் செயலி முன்னதாகவே உள்ளே இருக்கும், எந்தச் செயலிக்கு எந்த அனுமதி, புதுப்பித்தல் எந்த இடத்திலிருந்து வரும், செயலிக் கடையை நடத்துபவர் யார் என்பவற்றை முடிவுசெய்பவரே இங்கே நிமித்த காரணர். முன்னதாகத் திணிக்கப்பட்ட செயலிகள் இல்லை, நம்பகமான செயலிகள் தனிக் கடைகள் வழியே கிடைக்கும் என்று பாரோஸின் சார்பில் சொல்லப்பட்டவையெல்லாம் இந்த நிலையைப் பற்றியவையே. ஆகவே, 'இது ஆண்ட்ராய்டுதானே' என்பது உண்மைதான் என்றாலும் மறுப்பு ஆகாது.

ஆண்ட்ராய்டையே தீண்டாத தூய லினக்ஸ் கைப்பேசியை நாடுவோரின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. கேனானிக்கல் நிறுவனம் 2017இல் கைவிட்டபின் யூபிபோர்ட்ஸ் என்னும் தன்னார்வலர் சமூகம் காத்துவரும் உபுண்டு டச், பல கைப்பேசிகளில் ஹாலியம் என்னும் இடைப்படலத்தின் வழியாக ஆண்ட்ராய்டின் இயக்கிகளையே, அதாவது உறுப்புகளை இயக்கும் சிறு நிரல்களையே, பயன்படுத்துகிறது. அதே ஆண்டில் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், முதன்மை லினக்ஸ் கெர்னலிலேயே பழைய கைப்பேசிகளையும் ஓடச் செய்ய முயல்கிறது. அங்கும் கோபுர அலைகளோடு பேசும் மோடத்தின் உள்நிரல் பெரும்பாலும் மூடப்பட்டதே. கலப்பற்ற முதற்காரணம் கைப்பேசி உலகில் எவருக்கும் கிட்டவில்லை.

கேட்கத்தக்க கேள்வி மற்றொன்று இருக்கிறது. அதைத் தமிழ்ச் சமய மரபில் மிகத் தெளிவாகக் கேட்டவர் ஞானியர் அல்லர், காரைக்காலில் வாழ்ந்த ஒரு வணிகர். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின்படி, நாகப்பட்டினத்து வணிகர் குடியில் பிறந்து காரைக்காலில் மணம்கொண்ட பரமதத்தன் தன் மனைவி புனிதவதியிடம் இரண்டு மாங்கனிகளை அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியார்க்கு, கறியமுது ஆகாத வேளையில், புனிதவதி சோற்றோடு ஒரு கனியைப் படைத்தார். நண்பகலில் உண்ண வந்த கணவன் எஞ்சிய கனியைச் சுவைத்து மற்றதையும் கேட்க, அவர் உள்ளே சென்று இறைவனை நினைந்தபோது கைக்கு ஒரு கனி வந்தது. அதைத் தின்றவன் சுவை வேறுபாட்டை உணர்ந்து, இது நான் அனுப்பியதன்று, எங்கே பெற்றாய் என்றான். அருளை வெளியிடுவதும் தகாது, கணவனிடம் மறைப்பதும் தகாது என்று அஞ்சிய அவர் இறுதியில் நிகழ்ந்ததைச் சொன்னார். அவன் நம்பவில்லை, அப்படியானால் இன்னொன்றை அருளால் வருவித்துக் காட்டு என்றான். வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. அச்சமுற்ற அவன் பின்னர் கடல்வணிகம் செல்வதுபோல் பிரிந்து, பாண்டி நாட்டில் வேறு மணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான்.

இக்கதையை நினைவுகூர்ந்து காரைக்காலில் ஆனி முழுமதியை ஒட்டி நிகழும் மாங்கனித் திருவிழாவில், பிட்சாடனர் உலாவரும் தெருக்களில் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகள் வாரி இறைக்கப்படுவதால், ஊர் நினைவில் கொடையும் அருளும் முன்னிற்கின்றன. கேள்வி கேட்ட கணவனுக்கு அந்தக் கூட்டத்தில் அவ்வளவு மதிப்பில்லை. அது நியாயமன்று என்றே சொல்லவேண்டும். அவன் கனியைப் பழிக்கவில்லை, இனிதென்றே கண்டான். இனிமையே மூலத்தை வினவத் தூண்டியது. சித்தாந்த அளவையியலில், அதாவது அறிவு எவ்வழியாக உண்டாகிறது என்று ஆராயும் பகுதியில், அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் பத்தளவும் எண்ணப்பட்ட வழிகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குவார். சுவை வேறுபாட்டைப் பரமதத்தன் கண்டது காண்டல். வேறிடத்துக் கனி என்று துணிந்தது கருதல். மனைவியின் சொல் உரை. அவ்வுரையை மட்டும் கொண்டு அமையாமல் மீண்டும் காண்டலை நாடியதே அவன் செயல்.

மூலநிரல், அதாவது மனிதர் படித்தறியக்கூடிய எழுத்துவடிவ நிரல், கேட்பவர் நிலையும் அதுவே. பாரோஸ் அறிமுகமானபோது அதன் மூலநிரல் பொதுவில் வைக்கப்படவில்லை; வைக்கவேண்டிய கடப்பாடும் முழுமையாக இல்லை. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வருவதால், மென்பொருளைப் பெற்றவர்க்குக் கெர்னல் பகுதியின் மூலநிரல் கிடைக்க வழிசெய்தாகவேண்டும். ஆண்ட்ராய்டின் மேலடுக்குகள் பெரும்பாலும் அப்பாச்சி உரிமத்தின்கீழ் வருவதால், அவற்றில் செய்த மாற்றங்களை ஒருவர் வெளியிடாமலே இருக்கலாம். கேட்கும் உரிமை கீழ்த்தளத்தில் சட்டமாகவும் மேல்தளத்தில் பெருந்தன்மையாகவும் பிரிந்து நிற்கிறது.

கதைக்கும் நிரலுக்கும் ஒப்புமை முடியும் இடமும் உண்டு. அடியார்க்கு இட்ட கனி கணவனுக்கு இல்லாமற்போயிற்று. அதனாலேயே அருள் தேவைப்பட்டது. நிரலைப் படியெடுத்துத் தருபவரிடம் ஒன்றும் குறைவதில்லை. கட்டற்ற மென்பொருளாளர் தம் செயலை ஈகை என்று பாராட்டிக்கொள்ளும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. அவர்கள் ஈவது உழைப்பையே, பொருளை அன்று.

மூலநிரல் கிடைத்தாலும், கையிலுள்ள கைப்பேசியில் ஓடுவது அந்நிரலிலிருந்து உருவானதுதானா என்பது தனி வினா. ஒரே மூலத்திலிருந்து எவர் உருவாக்கினாலும் எழுத்துப் பிசகாமல் ஒரே விளைவு வரும்படி அமைக்கும் முறையை டெபியன் முதலிய லினக்ஸ் திட்டங்கள் பல ஆண்டுகளாக முயன்று பெரிதும் நிறைவேற்றியுள்ளன. 'இன்னொன்று வருவித்துக் காட்டு' என்ற சோதனையை அங்கே யாரும் செய்யலாம். இரண்டாம் முறை வந்தது மறைவதில்லை.

இருந்தும் காரைக்காலில் மீன் விலை பார்க்கவும் கல்லூரித் தேர்வு முடிவு அறியவும் கைப்பேசி வைத்திருப்பவர் நிரல் படிக்கப்போவதில்லை; அவருக்கு எஞ்சுவது உரை மட்டுமே. உரைப்பவர் குற்றமற்றவராக இருந்தால்தான் உரை அளவையாகும் என்று தருக்க நூல்கள் விதிக்கின்றன. மனிதருள் அத்தகுதி பெற்றவரை யார் காண்பது? ஒருவரையொருவர் அறியாத பலர் படித்து, ஒருவர் கூற்றை மற்றவர் மறுக்க இடமிருக்கும்போது அந்தக் குறை ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. ஒரே நிறுவனத்தின் வாய்மொழிக்கு, அதன் பின்னால் எத்துணைப் பெரிய கல்விக்கழகம் நின்றாலும், அந்த ஈடு இல்லை. கடும் பாதுகாப்பு வேண்டும் அமைப்புகளுக்கே பாரோஸ் முதலில் வழங்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது; அவ்வமைப்புகள் தம் வல்லுநரைக் கொண்டு தனியே ஆராய்ந்துகொள்ள முடியும். தெருவில் நிற்பவருக்கு அவ்வசதி இல்லாதவரை, ஆர்வலர்கள் 'இது புதியதா' என்ற வழக்கைக் கைவிட்டு 'எங்கே பெற்றாய்' என்பதையே விடாமல் கேட்பது தகும்.